ஜிபி வேண்டாம், பார்மசி போதும்: ஹாரோவில் கருத்தடை மாத்திரை வாங்கிய அனுபவம்

இங்கிலாந்தில் கருத்தடை மாத்திரைக்கு ஜிபியை, அதாவது குடும்ப டாக்டரை, பார்த்தே ஆக வேண்டும் என்று நம் பெண்கள் பலர் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2023 ஏப்ரலில் அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ்., பார்மசியிலேயே மாத்திரை தரும் சேவையைத் தொடங்கியபோது, ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்களுக்கு மட்டும் பார்மசியில் கொடுத்தார்கள். அந்த டிசம்பரிலிருந்து, முதல்முறை எடுப்பவர்களுக்கும் பார்மசிஸ்டே கொடுக்கலாம். இதற்கென்று டாக்டர் கையெழுத்தோடு வகுத்த விதிமுறை இருக்கிறது. அதன்படி பார்மசிஸ்ட் கொடுப்பதால் தனியாக மருந்துச்சீட்டு தேவையில்லை. காசும் கிடையாது.

நான் போனது லண்டன் ஹாரோவில் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னக் கடை. உள்ளே ஒரு சிறிய அறை, கதவைச் சாத்திக்கொண்டு பேசலாம். பார்மசிஸ்ட் பிபி பார்த்தார், எடையும் உயரமும் எடுத்தார். புகைபிடிப்பீர்களா, வீட்டில் யாருக்காவது ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கிறதா, வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அப்புறம் தலைவலி. எனக்கு ஒற்றைத் தலைவலி உண்டு என்றதும், "வலி வருவதற்கு முன் கண்ணில் ஏதாவது மின்னுமா?" என்றார். வளைந்து வளைந்து ஒளிக்கோடு தெரியும் என்றேன். அப்படியானால் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் கலந்த மாத்திரை கூடாது, பக்கவாத ஆபத்து கூடும் என்று பொறுமையாக விளக்கி, ஈஸ்ட்ரோஜன் இல்லாத டெசோஜெஸ்ட்ரெல் மாத்திரை கொடுத்தார். இடைவெளி விடாமல் தினமும் ஒரே நேரத்தில் போட வேண்டும், 12 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் என்ன செய்வது என்பதையும் சொன்னார். ஊரில் மெடிக்கலில் பெயரைச் சொன்னதும் அட்டையை எடுத்து நீட்டினார்களே தவிர, இந்தத் தலைவலிக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. இந்தச் சேவையை நான் மதிப்பது இதற்காகத்தான்.

முதலில் மூன்று மாதத்துக்குத்தான் கொடுத்தார். உடம்புக்கு ஒத்துக்கொண்டால் அடுத்து ஒரு வருடத்துக்குக்கூடச் சேர்த்து வாங்கலாம்.

குறையும் உண்டு. இதற்கு முன் போன வேறொரு கடையில், வரிசையில் ஆட்கள் நிற்கும்போதே கவுண்டரில் இருந்தவர் "என்ன மாத்திரை, எதற்கு?" என்று உரக்கக் கேட்டார். தெரிந்த முகங்கள் நிறைந்த இந்த ஊரில் அது எவ்வளவு சங்கடம் என்று சொல்லத் தேவையில்லை. போனதுமே "தனியறையில் பேசணும்" என்று சொல்லிவிடுங்கள், அது உங்கள் உரிமை. நீங்கள் சம்மதித்தால்தான் ஜிபிக்கே தகவல் போகும். கணவருக்கோ மாமியாருக்கோ போகாது. பார்மசிஸ்ட் தமிழரோ குஜராத்தியோ, யாராக இருந்தாலும் வெளியே பேசக் கூடாது.

எல்லாக் கடைகளும் இதில் சேரவில்லை, போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போங்கள். காப்பர் டி, ஊசி, கையில் வைக்கும் இம்பிளான்ட் இங்கே கிடைக்காது. அதற்கு ஜிபி அல்லது பாலியல் நல கிளினிக்தான். உறவுக்குப் பின் கர்ப்பத்தைத் தவிர்க்கப் போடும் அவசர மாத்திரை 2025 அக்டோபர் கடைசியிலிருந்து இதே சேவையில் இலவசமாகக் கிடைக்கிறது. அதற்குத் தாமதிக்காமல் உடனே போங்கள்.