பொவிங்டனா, டெல்ஃபோர்டா?

லண்டனிலிருந்து போய்வர ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. டாங்கி மாடல் செய்கிறவர் எங்கே போகலாம்? டார்செட்டில் இருக்கும் பொவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்துக்கா, டெல்ஃபோர்டில் நடக்கும் ஸ்கேல் மாடல்வேர்ல்டு என்ற மாடல் கண்காட்சிக்கா?

நாள் கணக்கில் பார்த்தால் போட்டியே இல்லை. பொவிங்டன் கிறிஸ்துமஸை ஒட்டிய சில நாட்கள் தவிர வருடம் முழுக்கத் திறந்திருக்கும். டெல்ஃபோர்டு நவம்பரில் ஒரு வார இறுதியோடு முடிந்துவிடும். இரண்டுக்கும் ரயிலில் போகலாம். டெல்ஃபோர்டில் ஸ்டேஷனிலிருந்து அரங்குக்கு நடந்தே போய்விடலாம்.

பொவிங்டனில் முதலில் எல்லோரும் தேடுவது டைகர் 131 என்ற ஜெர்மன் டாங்கி. 1943 ஏப்ரலில் துனிசியாவில் பிரிட்டிஷ் படை கைப்பற்றியது. சர்ச்சில் டாங்கிகளிலிருந்து வந்த குண்டு ஒன்று டரட்டை, அதாவது பீரங்கியோடு சுழலும் மேல்கூட்டைத் திரும்பவிடாமல் இறுக்கிவிட, உள்ளே இருந்தவர்கள் விட்டுவிட்டு ஓடினார்கள். இன்றும் ஓடுகிற டைகர் 1 வகை டாங்கி அது ஒன்றுதான். பீரங்கியோடு சேர்த்து எட்டரை மீட்டர் நீளம், 57 டன். நம் மேசையில் 1/35 அளவில் 24 சென்டிமீட்டர். அந்தப் பருமனை எந்தப் புகைப்படமும் சொல்லாது. அமெரிக்க ஷெர்மன் போன்ற டாங்கிகளில் வார்ப்பிரும்பு தோசைக்கல் போலச் சொரசொரப்பாக இருக்கும் வார்ப்பு டரட், வெட்டுவாயில் வரிவரியாக ஓடும் தகடு, தடித்த வெல்டிங் என்று மாடல் கிட் தயாரிப்பாளர்கள் வழவழப்பாக விட்டுவிடுகிற எல்லாம் அங்கே முகத்துக்கு நேரே இருக்கின்றன. ஒரு ஷெர்மனைப் பார்த்துத் திரும்பிய பிறகுதான் மாடலின் உடலில் புட்டியைப் பூசி, பழைய பிரஷ்ஷால் குத்திக் குத்திச் சொரசொரப்பு வரவழைக்க ஆரம்பித்தேன்.

நிறத்தில்தான் நான் ஏமாந்தேன். டைகரைப் பல கோணங்களில் படம் எடுத்துவந்து, அதே நிறத்தைக் கலந்து அடித்தேன். மாடல் இருண்டுபோய், ஏதோ சாக்லேட் கட்டி மாதிரி நின்றது. அதை டெல்ஃபோர்டில் ஒருவரிடம் காட்டியபோது சிரித்தார். டைகர்மேல் இருப்பது 2012-ல் முடிந்த புது பெயின்ட். போதாததற்கு நான் படம் எடுத்தது அரங்க விளக்கில். அது அப்படியே சரியான நிறம் என்றாலும், 35 மடங்கு சுருக்கிய பொருளில் அதே பெயின்ட் அடர்த்தியாகத்தான் தெரியும். கொஞ்சம் வெளுப்புக் கலக்க வேண்டும். இந்தப் பாடம் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் கிடைக்காது. டெல்ஃபோர்டில் மேசைக்கு அந்தப் பக்கம், அதைச் செய்த ஆளே உட்கார்ந்திருப்பார். "இந்தத் துரு எப்படி வந்தது?" என்று கேட்டால் அரை மணி நேரம் போய்விடும்.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். அருங்காட்சியகத்து டாங்கிகள் குளிப்பாட்டி நிறுத்தியவை. கண்காட்சி மாடல்களோ பாதிக்கு மேல் சேற்றில் புரண்டவை. இத்தனை துருவும் கீறலும் ஓரிரு வருடம் போரில் ஓடிய வண்டிக்கு வருமா என்று எனக்குச் சந்தேகம். அழுக்குக்கு இரண்டையும் நம்பாதீர்கள், அந்தக் காலத்துப் புகைப்படங்களைப் பாருங்கள்.

செலவு? பொவிங்டனில் டிக்கெட், சாப்பாடு, அவ்வளவுதான். டெல்ஃபோர்டில் வியாபாரிகள் கடை விரித்திருப்பார்கள். போன தடவை ஒரே ஒரு பிரஷ் வாங்கப் போய், நான்கு கிட் பெட்டிகளோடு வந்து கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

வீட்டில் பாதி ஒட்டிய கிட் காத்திருந்தால் பொவிங்டன். படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து எடுங்கள், பின்னால் அளவு கணக்கிட உதவும். ஒட்டி முடித்து பெயின்ட் பக்கம் போகப் பயமாக இருந்தால் டெல்ஃபோர்டு. ஆனால் பை சின்னதாக எடுத்துப்போங்கள்.