கூட இருப்பவனை நிற்க வைக்கும் கிளெரிக்: 2024 பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கோடு பத்து மாதம்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிக் கதைக்குள் பாத்திரமாக வாழும் ஆட்டத்தை ஆட எங்கள் மேசையில் ஐந்து பேர். அக்கா டன்ஜன் மாஸ்டர், அதாவது கதையையும் எதிரிகளையும் நடத்துபவர். மாமா எப்போதும் ஃபைட்டர் (போர்வீரன்). அலுவலக நண்பர்கள் இரண்டு பேரில் ஒருவர் ரோக் (திருடன்), இன்னொருவர் பார்ட் (பாணர்). நான் கிளெரிக், இறையருளால் மந்திரம் போட்டுக் குணப்படுத்துபவன். அந்த வேலையை யாரும் என் தலையில் கட்டவில்லை, நானே கேட்டு வாங்கினேன். பக்கத்தில் நிற்பவன் விழாமல் பார்த்துக்கொள்வதும், அவன் அடி வீணாகாமல் செய்வதும்தான் இந்த ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தவை. அந்த ஒரு கண்ணோடுதான் 2024 பதிப்பு பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கைப் பத்து மாதமாகப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். அது ஆடுபவர்களுக்கான விதிப் புத்தகம்: 384 பக்கம், 12 கிளாஸ் (பாத்திர வகை), அமெரிக்க விலை 49.99 டாலர். மற்ற கிளாஸ்களைப் பற்றி வேறு யாராவது எழுதட்டும்.

2014 பதிப்பில் எனக்கு ஒரு மனக்குறை இருந்தது. குணப்படுத்தும் க்யூர் வூண்ட்ஸ் மந்திரத்துக்கு ஒரு எட்டுப் பக்கப் பகடைதான். தூரத்திலிருந்தே குணப்படுத்தும் ஹீலிங் வேர்டுக்கு ஒரு நாலு பக்கப் பகடை. எதிரி ஒரே அடியில் 13 ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி) எடுக்கும்போது நான் ஒரு முறை முழுவதையும் செலவழித்து 8 கொடுப்பது கணக்குக்கே ஒத்துவராது. அதனால் எல்லா மேசையிலும் ஒரே வழக்கம்தான்: நண்பன் பூஜ்யத்துக்கு வந்து விழும் வரை சும்மா இருப்பது, விழுந்ததும் ஹீலிங் வேர்ட் சொல்லி எழுப்புவது. ஒரு ஹிட் பாயின்ட் இருந்தாலும் நாற்பது இருந்தாலும் வாள் ஒரே வேகத்தில்தான் வீசும் என்பதால் அது சரியான ஆட்டம்தான். ஆனால் காப்பாற்ற வந்தவன் கைகட்டிக்கொண்டு கூட்டாளி விழக் காத்திருப்பது எனக்கு ஒருநாளும் மனசுக்கு ஒப்பியதில்லை.

2024 பதிப்பில் அந்த இரண்டு மந்திரங்களுக்கும் பகடையை இரண்டாக்கிவிட்டார்கள். சின்ன மாற்றமாகத் தெரியும். மேசையில் உட்கார்ந்து பார்த்தால் ஆட்டமே மாறியிருப்பது புரியும்.

என் கிளெரிக்கைச் சொல்கிறேன். குள்ளர் இனம், ஹெர்மிட் (துறவி) பின்னணி. 15, 14, 13, 12, 10, 8 என்ற எண்களில் 15 விஸ்டமுக்கு (கிளெரிக்கின் மந்திரத்துக்கு ஆதாரம்), 14 பலத்துக்கு, 13 கான்ஸ்டிடியூஷனுக்கு (உடல் உறுதி). ஹெர்மிட் பின்னணி தரும் கூடுதலில் விஸ்டமுக்கு இரண்டும் கான்ஸ்டிடியூஷனுக்கு ஒன்றும் போட்டால் 17, 14 என்று உட்காரும். முதல் லெவலிலேயே புரொடெக்டர் என்ற பாதையை எடுத்தேன், அது கனமான கவசம் அணிய அனுமதிக்கும். சங்கிலிக் கவசமும் கேடயமும் சேர்ந்து ஆர்மர் கிளாஸ் (என்னை அடிக்க எதிரி எட்ட வேண்டிய எண்) 18. சப்போர்ட் கிளெரிக் பின்வரிசையில் ஒளிந்திருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். க்யூர் வூண்ட்ஸ் தொட்டால்தான் வேலை செய்யும், அதனால் நான் மாமாவின் தோளோடு தோளாகத்தான் நிற்பேன்.

ஹெர்மிட்டோடு ஹீலர் என்ற ஃபீட்டும் (சிறப்புத் திறன்) வரும். குணப்படுத்தும் பகடையில் 1 விழுந்தால் மறுபடி உருட்டலாம். மூன்றாம் லெவலில், குணப்படுத்துவதில் தேர்ந்த கிளெரிக் பிரிவான லைஃப் டொமைன் எடுத்தேன். ஸ்லாட் (மந்திரம் போடுவதற்கான இருப்பு) செலவழித்துக் குணப்படுத்தும் ஒவ்வொரு முறையும் 2-உம் ஸ்லாட்டின் லெவலும் கூடுதலாகச் சேரும். ஆக முதல் லெவல் ஸ்லாட்டில் சராசரியாகக் கிட்டத்தட்ட 16 ஹிட் பாயின்ட் கொடுக்கிறேன். பழைய விதிப்படி இதே கிளெரிக் 10, 11 தாண்ட மாட்டான்.

போன மாதம் ஓகர் என்ற ராட்சசன் ஒருவனிடம் மாட்டிக்கொண்டோம். நான் முதல் ரவுண்டிலேயே பிளெஸ் போட்டுவிட்டேன்: மாமாவுக்கு, ரோக்குக்கு, எனக்கு. அடிக்கும்போதும் தாக்குப்பிடிக்கும்போதும் உருட்டும் எண்ணோடு ஒரு நாலு பக்கப் பகடையைச் சேர்க்கத் தரும் மந்திரம் அது. பிளெஸ் போட்டால் நான் ஒரு வேலை செய்வேன். மஞ்சள் நிற நாலு பக்கப் பகடைகள் மூன்று வைத்திருக்கிறேன், சின்னக் கோபுரம் மாதிரி இருக்கும். மந்திரம் பெற்றவர் முன்னால் ஒன்றை எடுத்து வைத்துவிடுவேன். அது கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் யாரும் சேர்க்க மறக்க மாட்டார்கள்.

ஓகர் அடித்து மாமா 28-இலிருந்து 9-க்கு வந்துவிட்டார். நான் கையை நீட்டினேன்.

"எனக்கு இப்போ எதுக்குடா? நீ போய் அடி, விழுந்தா பாத்துக்கலாம்" என்றார். பழைய பழக்கம்.

"விழவே வேண்டாம் மாமா."

இரண்டு எட்டுப் பக்கப் பகடை உருட்டினேன். ஒன்றில் 6, ஒன்றில் 1. அந்த 1-ஐ மறுபடி உருட்ட 5 வந்தது. பதினொன்று, விஸ்டம் 17 தரும் மூன்று, லைஃப் டொமைனுக்கு மூன்று. மாமா 26-க்கு ஏறினார். அடுத்து ஓகர் அடித்த அடி 14. 9-இலேயே விட்டிருந்தால் தரையில் கிடந்திருப்பார். 12-இல் நின்றுகொண்டிருந்தார். அவர் முறை வந்தது. இருபது பக்கப் பகடையில் 4, அவருடைய தாக்குதல் கூடுதல் 5 சேர்த்து 9. முகம் வாடியது. அப்புறம் முன்னால் இருந்த மஞ்சள் பகடையை எடுத்து உருட்டினார், 3. ஓகரின் ஆர்மர் கிளாஸ் 11. அடி இறங்கியது. அந்த நிமிடம் மாமா பகடையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். இந்தப் புத்தகத்துக்கு நான் கொடுத்த காசு அங்கேயே திரும்பி வந்துவிட்டது.

அடுத்த ரவுண்டில் ஒரு அம்பு என் மேல் பட்டு பிளெஸ்ஸின் கான்சென்ட்ரேஷன் (மந்திரத்தை நீடிக்க வைக்கும் கவனம்) கலைந்தது. 10 வேண்டிய இடத்தில், என் மஞ்சள் பகடையையும் சேர்த்து 9. மூன்று பகடைகளையும் திரும்ப வாங்கி வைத்தபோது மேசையே அமைதியாகிவிட்டது. நாலாம் லெவலில் நான் வார் காஸ்டர் ஃபீட் எடுத்ததற்கு அந்த அம்புதான் காரணம். கான்சென்ட்ரேஷனுக்கு இரண்டு பகடை உருட்டி நல்லதை வைத்துக்கொள்ளலாம், கூடவே விஸ்டம் 17 என்பது 18 ஆகிவிடும். சப்போர்ட் கிளெரிக்குக்கு இதைவிடப் பொருத்தமான நாலாம் லெவல் தேர்வு எனக்குத் தெரியவில்லை.

நண்பரின் பார்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர் கொடுக்கும் இன்ஸ்பிரேஷன் பகடையை முன்பு பத்து நிமிடத்துக்குள், அதுவும் வெற்றியா தோல்வியா என்று டன்ஜன் மாஸ்டர் சொல்வதற்கு முன்பே சேர்த்தாக வேண்டும். இப்போது ஒரு மணி நேரம் இருக்கும், தோற்ற பிறகு சேர்த்தால் போதும். வீணாவது அபூர்வம். கிளெரிக்கும் பார்டும் ஒரே அணியில் இருந்தால் மற்றவர்களுக்குக் கொண்டாட்டம்தான்.

குறைகள் இல்லாமல் இல்லை. ஸ்பிரிச்சுவல் வெப்பன் மந்திரத்துக்கும் இப்போது கான்சென்ட்ரேஷன் வேண்டும். பிளெஸ்ஸைத் தாங்கிக்கொண்டே ஒரு ஆவி ஆயுதத்தையும் சுழல விடுவது பழைய கிளெரிக்கின் அழகு. அது போனதில் எனக்கு உண்மையான வருத்தம். இன்னொன்று, எந்தப் பின்னணி எந்த எண்களைக் கூட்டலாம் என்று கட்டிப்போட்டது. படையிலிருந்து விலகி இறைப்பணிக்கு வந்தவன் என்று ஒரு கிளெரிக் செய்ய ஆசைப்பட்டேன். சோல்ஜர் பின்னணி விஸ்டமைக் கூட்டாது. கதைக்குப் பிடித்ததை எடுத்தால் கணக்கில் இரண்டு புள்ளி போய்விடும். இதை ஆடுபவர் கையில் விட்டிருக்கலாம்.

ஒவ்வொரு கிளாஸின் மந்திரப் பட்டியலும் அந்தந்த கிளாஸோடே இருக்கிறது, எதற்குக் கான்சென்ட்ரேஷன் வேண்டும் என்ற குறியும் பக்கத்திலேயே உண்டு. நல்ல ஏற்பாடு. விளக்கங்கள் மட்டும் தனி அத்தியாயத்தில் அகரவரிசைப்படி. சண்டை நடுவே புரட்டி மாளாது. நான் அட்டைகளில் எழுதி வைத்துக்கொண்டேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள். பத்து நிமிடம் பிடிக்கும் பிரேயர் ஆஃப் ஹீலிங்கை முதலில் எழுதுங்கள். குணப்படுத்துவதோடு, சிறு ஓய்வு எடுத்த பலனையும் ஐந்து பேர் வரை தரும்படி மாற்றியிருக்கிறார்கள். ஒரே முறையில் கூடுதலாக ஒரு செயல் செய்ய வைக்கும் மாமாவின் ஆக்‌ஷன் சர்ஜ் அதில் திரும்பக் கிடைக்கும்.

வாங்கும் முன் முயன்று பார்க்க விரும்பினால், 2025-இல் வெளியான எஸ்ஆர்டி 5.2 என்ற அடிப்படை விதித் தொகுப்பு இலவசமாகக் கிடைக்கிறது. லைஃப் டொமைன் அதில் முழுமையாக இருக்கிறது. ஹெர்மிட்டும் ஹீலரும் வார் காஸ்டரும் கிடையாது, அகோலைட் பின்னணியோடு ஆடிப் பாருங்கள். பிடித்துப்போனால் புத்தகத்தை வாங்குங்கள். 2014 பதிப்பு வைத்திருந்து, சப்போர்ட் ஆட மட்டும் புதிதாக வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கும் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன்.

அடுத்த அமர்வில் ஐந்தாம் லெவல். ரிவிவிஃபை மந்திரம் கிடைக்கும்: இறந்து ஒரு நிமிடத்துக்குள் என்றால் உயிரைத் திருப்பிக் கொண்டுவரலாம். அதற்கு 300 பொற்காசு மதிப்புள்ள வைரம் வேண்டும், ஒவ்வொரு முறையும் அது கரைந்துவிடும். என்னிடம் இருந்தது 140. விஷயத்தைச் சொன்னதும் மாமா, புதுக் கவசம் வாங்கச் சேர்த்து வைத்திருந்த 160-ஐ எடுத்து என் பக்கம் தள்ளிவிட்டார்.