தாய்லாந்து பேக்கேஜ்: டீன்ஏஜ் பிள்ளையோடு போகிறவர்கள் பணம் கட்டும் முன் படிக்கவும்

2025 மே மாதம் எங்கள் ஊர் டிராவல் ஏஜென்சி ஒன்றின் மூலம் பாங்காக், பட்டாயா போய் வந்தோம். எங்களுக்கு நடந்தது இன்னொரு குடும்பத்துக்கு நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

பத்தாவது முடித்த மகளுக்காகப் போட்ட பயணம் இது. அவள் கேட்டது ஒரே ஒரு இடம்: அயுத்தயா. 1767-இல் பர்மியப் படை அழித்த பழைய தலைநகரம். மர வேர்கள் சுற்றிப் பிடித்திருக்கும் புத்தர் தலை அங்கேதான் இருக்கிறது. பாங்காக்கிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். "அது வெறும் இடிஞ்ச செங்கல் சார், பசங்களுக்கு பட்டாயாதான் ஜாலி" என்றார் ஏஜென்சிக்காரர். அயுத்தயா இல்லாவிட்டால் பேக்கேஜே வேண்டாம் என்ற பிறகுதான், அரை நாள் என்று அட்டவணையில் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அதை நம்பி முழுப் பணமும் கட்டினோம்.

பட்டாயாவில் கொடுத்த ஹோட்டல் வாக்கிங் ஸ்ட்ரீட்டை ஒட்டி இருந்தது. பார்களும் கோ-கோ கிளப்புகளும் வரிசையாக இருக்கும் தெரு அது. சாப்பிட வெளியே வந்தாலே கையைப் பிடிக்காத குறையாக ஷோவுக்குக் கூப்பிடுகிறார்கள். "குடும்பத்துக்கு ஏற்ற ஹோட்டல்" என்று எழுதிக் கொடுத்தவருக்கு இது தெரியாமல் இருக்குமா? மகளுக்குப் பெரியவர் கட்டணம் வாங்கியவர், ஹோட்டல் வவுச்சரில் "குழந்தை, படுக்கை இல்லை" என்று போட்டிருந்தார். கூடுதல் கட்டிலுக்கு ரிசப்ஷனில் தனியாகப் பணம் கட்ட வேண்டியதாயிற்று.

பட்டாயாவுக்கு அருகே கடலில் உள்ள கோரல் ஐலண்ட் தீவுக்குப் போகும் வழியில் ஸ்பீட்போட்டை நடுக்கடலில் ஒரு மிதவை மேடையில் நிறுத்திவிட்டார்கள். பாராசூட்டில் கட்டிப் படகால் இழுத்துப் பறக்கவிடும் பாராசெய்லிங்குக்குத் தனிக் கட்டணம். வேண்டாம் என்றவர்கள், மற்றவர்கள் முடித்து வரும் வரை ஆடுகிற மேடையில் உட்கார்ந்திருக்க வேண்டும். என் மனைவிக்கு வாந்தியே வந்துவிட்டது.

அயுத்தயா போக வேண்டிய அன்று, ரோட்டில் டிராஃபிக் என்று சொல்லி கைடு வண்டியை ஒரு ரத்தினக் கடைக்கு விட்டார். வாசலிலேயே எங்கள் மூவர் சட்டையிலும் நம்பர் போட்ட ஸ்டிக்கர் ஒட்டினார்கள். எந்த கைடு கூட்டி வந்த ஆள் என்று கமிஷன் கணக்குப் பார்க்கத்தான் அது. கவுன்ட்டர் கவுன்ட்டராக ஒரு விற்பனையாளர் பின்னாலேயே வந்தார். ஒரு மணி நேரம் ஆகாமல் வண்டி எடுக்க முடியாது என்றார் கைடு. அடுத்து தோல் பொருள் கடை. "அப்பா, அயுத்தயா போகலையா?" என்று மகள் கேட்டபோது மணி நாலு.

தாய்லாந்து டிஜிட்டல் வருகை அட்டைக்குத் தலைக்கு 500 ரூபாய் வாங்கியிருந்தார்கள். அது முற்றிலும் இலவசம். போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் அரசு இணையதளத்தில் நாமே நிரப்பிவிடலாம். பில்லில் டி.சி.எஸ். (ஏஜென்சி நம்மிடம் வாங்கி அரசுக்குக் கட்ட வேண்டிய வரி) என்று பிடித்த 5%, நம் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் என் 26ஏஎஸ் படிவத்தில் இன்று வரை ஏறவில்லை. பேக்கேஜ் எடுத்தவர்கள் உங்கள் படிவத்தை உடனே பாருங்கள், அந்தப் பணம் வருமான வரிக் கணக்கில் உங்களுக்குச் சேர வேண்டியது.

பணம் கட்டும் முன் ஹோட்டல் பெயரை வாங்கி மேப்பில் சுற்றியுள்ள தெருவைப் பாருங்கள். கடை நிறுத்தம் எத்தனை, பிள்ளைக்குத் தனிக் கட்டில் உண்டா என்பதை எழுத்தில் கேளுங்கள். பிள்ளை ஆசைப்படும் இடம் அயுத்தயாவாக இருந்தால் ஏஜென்சியே தேவையில்லை, பாங்காக்கிலிருந்து ரயில் இருக்கிறது, மூன்றாம் வகுப்பு டிக்கெட் மிகவும் மலிவு. தாய்லாந்தில் கைடோ கடைக்காரரோ மிரட்டினால் சுற்றுலாப் போலீஸ் எண் 1155.

திரும்பி வந்து கேட்டதற்கு, அடுத்த டூரில் தள்ளுபடி தருகிறேன் என்றார் ஏஜென்சிக்காரர். மறுத்துவிட்டு 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்தோம். அதற்கும் மசியவில்லை. இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். அட்டவணை வந்த வாட்ஸ்அப் செய்தி, வவுச்சர், கட்டில் ரசீது மூன்றையும் மனுவோடு இணைத்திருக்கிறோம்.