கடலோரச் சிற்றூரில் ஏழு வருடம்: முதல் வீட்டில் தவறவிட்டதும் அப்புறம் கற்றுக்கொண்டதும்

பெருநகரத்தை விட்டு நானும் கணவரும் அம்மாவும் ஒரு கடலோரச் சிற்றூருக்குக் குடிவந்து ஏழு வருடம் முடிந்துவிட்டது. முதல் இரண்டு வருடம் கடலைப் பார்த்த வீடு. அடுத்த ஐந்து வருடம் அதே ஊரில், கரையிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் உள்ளே தள்ளி, கொஞ்சம் மேடான தெரு. இரண்டிலும் வாழ்ந்து பார்த்த பிறகு ஒன்றை உறுதியாகச் சொல்ல முடிகிறது: கடலை மட்டும் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. கடல் எந்தக் கரையிலிருந்து பார்த்தாலும் அழகுதான். குடிதண்ணீர், மண், மேடு பள்ளம், பெரிய மருத்துவமனைக்குப் போய்ச் சேர ஆகும் நேரம், சுற்றுலாக் கூட்டம் கலைந்த பிறகு ஊரில் என்ன மிஞ்சுகிறது என்பவைதான் ஊருக்கு ஊர் மாறும்.

நாங்கள் குடிவருவதற்கு முன் மூன்று முறை வந்து பார்த்தோம். மூன்று முறையும் வானம் தெளிவாக இருந்த, காற்று இதமாக வீசிய மாதங்கள். அதுதான் பெரிய தவறு. ஊரின் நல்ல முகம் மட்டுமே எங்களுக்குத் தெரிந்திருந்தது. மழைக்காலத்தில் ஒரு வாரம், கடுங்கோடையில் ஒரு வாரம் தங்கியிருந்தால் முதல் வீட்டுக்குப் போயிருக்கவே மாட்டோம்.

அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது புது வெள்ளையடிப்பின் வாசனை இருந்தது. சுவர்கள் பளபளவென்று இருந்தன. முதல் மழைக்காலம் முடிவதற்குள் மாடிப் பூட்டில் சாவி திரும்ப மறுத்தது. இரண்டு கையாலும் திருகியபோது உள்ளங்கையெல்லாம் பழுப்புத் தூள். சன்னல் கண்ணாடியைக் காலையில் துடைத்தால் மாலைக்குள் மறுபடி மங்கல். விரலால் தடவி நாக்கில் வைத்தால் உப்பு. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகளைக் காற்று தூக்கி வருகிறது. கடல் நீரில் கிலோவுக்கு சுமார் 35 கிராம் உப்பு உண்டு. துளி காய்ந்தாலும் அந்த உப்பு கம்பி மேல், சுவர் மேல், மின்விசிறி மேல் ஒட்டிக்கொண்டிருக்கும். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை உறிஞ்சிக் கரைந்துவிடும். கடலோரத்தில் பல மாதங்களுக்கு இரவுகளில் ஈரப்பதம் அதற்கு மேல்தான். அதாவது மழையே பெய்யாவிட்டாலும் இரும்பு ஒவ்வோர் இரவும் உப்புத் தண்ணீரில் நனைந்துகொண்டிருக்கிறது.

பூட்டை மாற்றிவிடலாம். வீட்டை என்ன செய்வது? இரண்டாம் வருடம் படுக்கையறை உத்தரத்தின் அடியில் நீளவாக்கில் ஒரு விரிசல் தெரிந்தது. கொத்தனார் ஏணி வைத்து ஏறி, சுத்தியலின் பின்பக்கத்தால் வரிசையாகத் தட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் கணீரென்ற சத்தம், பக்கத்திலேயே பொத்தென்ற சத்தம். பொத்தென்ற இடத்தில் கொஞ்சம் அழுத்தித் தட்டியதும் கையகலத்துக்குக் காரை பெயர்ந்து தரையில் விழுந்தது. உள்ளே கம்பி அடுக்கடுக்காக உரிந்து நின்றது. “அக்கா, இது பூச்சு வேலைக்கு அடங்காது. உள்ளே கம்பியே ஊதிப்போச்சு. போன தடவை யாரோ மேலே பூசி மறைச்சிருக்காங்க” என்றார். உப்பு கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே இறங்கிக் கம்பியைத் தொட்டுவிட்டால் துரு பிடிக்கும்; துரு, அரிக்கப்பட்ட இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும்; அந்த நெருக்கடியில் கான்கிரீட் வெடிக்கும். வீட்டுக்காரருக்கு இது முன்பே தெரிந்திருக்கிறது. எங்களிடம் சொல்லவில்லை. அந்த உத்தரத்துக்கு நேர் கீழேதான் அம்மாவின் கட்டில் இருந்தது. இன்று நினைத்தாலும் மனம் பதறுகிறது.

அதனால் சொல்கிறேன், கடலோரத்தில் வீடு பார்க்கப் போகிறவர்கள் புது வர்ணத்தை நம்பாதீர்கள். உத்தரம், பால்கனியின் அடிப்பக்கம், தண்ணீர்த் தொட்டியின் தூண் எல்லாவற்றையும் தட்டிக் கேளுங்கள். அதே தெருவில் பத்துப் பதினைந்து வருடமான வீடுகளின் வாசற்கதவுக் கீல், ஏசியின் வெளிப்பெட்டி, மின்கம்பத்தின் அடிப்பகுதி இவற்றைப் பாருங்கள். அந்தத் தெருவில் காற்று எவ்வளவு உப்பைக் கொண்டுவருகிறது என்பது அங்கே தெரிந்துவிடும். கரையிலிருந்து உள்ளே போகப் போக உப்பு வேகமாகக் குறையும். அலை உடையும் இடத்துக்கு அருகில் இருக்கும் முதல் சில நூறு மீட்டர்தான் மிக மோசம். ஒன்றரைக் கிலோமீட்டர் உள்ளே வந்த பிறகு எங்களுக்குப் பூட்டு மாற்றும் வேலை அநேகமாக நின்றே போய்விட்டது. எவர்சில்வர் என்றால் துருப்பிடிக்காது என்று நாங்களும் நம்பியிருந்தோம். சாதாரண 304 ரகத்தில் கடல் காற்றுக்குத் தேநீர்க் கறை மாதிரி புள்ளிகள் வரும். மாலிப்டினம் கலந்த 316 ரகம் நன்றாகத் தாக்குப்பிடிக்கிறது. கீல், தாழ்ப்பாள், வெளிக் குழாய்களுக்காவது அதை வாங்குவது நல்லது.

அடுத்தது தண்ணீர். என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கடலோர மண்ணுக்கு அடியில் நல்ல தண்ணீர் இலேசாக இருப்பதால் உப்புநீருக்கு மேலே மிதந்துகொண்டிருக்கிறது. கைபன்–ஹெர்ஸ்பெர்க் விதி என்று இதற்கு ஒரு கணக்கு உண்டு: நிலத்தடி நல்ல தண்ணீர் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை அது இருக்கும். இதையே திருப்பிப் பாருங்கள். எல்லா வீட்டு மோட்டாரும் இறைத்து இறைத்து மேல்மட்டம் அரை மீட்டர் இறங்கினால், கீழேயிருந்து உப்புநீர் காலப்போக்கில் 20 மீட்டர் வரை ஏறி வரலாம். ஆழமாகத் துளை போட்டால் நல்ல தண்ணீர் வரும் என்ற உள்நாட்டுக் கணக்கு இங்கே தலைகீழ். கடலோரத்தில் ஆழம் போகப் போக உப்பைத்தான் தொடுவோம்.

முதல் வீட்டில் குடிபுகுந்தபோது கிணற்றுத் தண்ணீர் தேனாக இனித்தது. கோடை பாதியில் சோப்பு நுரைக்கவில்லை. கையடக்க டி.டி.எஸ் மீட்டர் ஒன்று வாங்கி அளந்தபோது லிட்டருக்கு 1,800 மில்லிகிராம் காட்டியது. 600-க்குக் கீழே இருந்தால் குடிக்க நன்றாக இருக்கும், 1,000-ஐத் தாண்டினால் வாய் ஏற்காது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. இந்த மீட்டர் கரைந்திருக்கும் உப்புகளை மட்டும்தான் காட்டும். கிருமி இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. ஆய்வகத்தில் தனியாகக் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஆனால் கோடை முடியும் வாரத்தில், நீங்கள் பார்க்கும் வீட்டில் மட்டுமல்லாமல் அந்தத் தெருவிலேயே நாலைந்து வீட்டில் அளந்து பாருங்கள். பெரும்பாலும் யாரும் மறுக்க மாட்டார்கள். அந்த ஐந்து நிமிடப் பேச்சில் தெருவின் வரலாறே கிடைத்துவிடும்.

கரை ஒரே இடத்தில் நிற்பதில்லை என்பதும் இங்கே வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. முதல் வீட்டுக்குப் பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருப்பார் ஒரு பெரியவர். ஒருநாள், “அண்ணே, இந்தக் கடல் எப்பவும் இவ்வளவு பக்கமாவா இருந்துச்சு?” என்று கேட்டேன். தலை நிமிராமலேயே கையை மட்டும் நீட்டிக் காட்டினார். “அந்தக் கல்லுச் சுவரைப் போடுறதுக்கு முன்னாடி, இங்கேருந்து அந்தா அந்தப் படகு நிக்குதே, அதுவரைக்கும் வலை காயப்போட்டிருக்கோம் தங்கச்சி.” படகு தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது.

அலைகள் சாய்வாக வந்து மோதுவதால் மணல் கரையோரமாகவே ஒரு திசையில் நகர்ந்துகொண்டிருக்கும். கடலுக்குள் கல் நீட்டிச் சுவர் கட்டினால் ஒரு பக்கம் மணல் சேரும். மறுபக்கத்துக்கு வரவேண்டிய மணல் வராமல் கரை அரிக்கும். எனவே ஊரில் துறைமுகமோ கல் தடுப்போ இருந்தால், உங்கள் வீடு அதற்கு எந்தப் பக்கம் என்று கேளுங்கள். நேரில் பார்த்துத் தெரியாததைப் படங்களில் பார்க்கலாம். லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் 1972 முதல் பூமியைப் படமெடுத்து வருகின்றன. அந்தப் படங்கள் 2008 முதல் யாருக்கும் இலவசம். கூகுள் எர்த்தில் பழைய படங்களுக்குப் போய், நீங்கள் நினைக்கும் கடற்கரையை வருடம் வருடமாகத் தள்ளிப் பாருங்கள். எங்கள் முதல் வீட்டின் முன்னாலிருந்த மணல் மெலிந்துகொண்டே வந்ததை அப்படிப் பார்த்தபோது, இதை முன்னாடியே செய்திருக்கலாமே என்று இருந்தது. 1901-க்கும் 2018-க்கும் இடையே உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது என்றும், 2006 முதல் 2018 வரை வருடத்துக்கு 3.7 மில்லிமீட்டர் என்ற வேகத்தில் உயர்ந்தது என்றும் ஐ.நா.வின் காலநிலை மாற்ற அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி-யின் 2021 அறிக்கை சொல்கிறது. முப்பது வருடம் இருக்கப்போகும் வீட்டுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

புயல் அதைவிட உடனடியான கவலை. காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல்மட்டம் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் உயரும். காற்று தள்ளிக்கொண்டு வரும் தண்ணீர் அதைவிடப் பெரியது; கரையோரக் கடல் ஆழம் குறைவாக இருந்தால் இன்னும் உயரும். அதே நேரத்தில் அமாவாசை அல்லது பௌர்ணமி ஓதமும் (கடல் ஏற்றமும்) சேர்ந்துவிட்டால் ஆபத்து. ஊரை விட்டு வெளியேற எத்தனை வழி இருக்கிறது என்று வரைபடத்தில் எண்ணிப் பாருங்கள். கழிமுகத்தின் மேல் ஒரே ஒரு பாலம்தான் என்றால் நான் அந்த ஊரைத் தவிர்ப்பேன்.

மருத்துவமனை பற்றி எழுதும்போது கை தயங்குகிறது. நான்காம் வருடம் ஒருநாள் நள்ளிரவில் அம்மாவுக்கு மூச்சுத்திணறல். ஊரில் இருந்த சிறிய மருத்துவமனையில் பிராணவாயு வைத்தார்கள், அதற்கு மேல் வசதி இல்லை, உடனே நகரத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். பகலில் நாற்பது நிமிடம் ஆகும் பாதைதான். அன்று சாலைப் பணிக்காகப் பாதி வழியில் மறித்திருந்தார்கள். சுற்றிக்கொண்டு போக ஒன்றேகால் மணி நேரம். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மூச்சை எண்ணிக்கொண்டே போனேன். பிழைத்துக்கொண்டார், இன்று நன்றாக இருக்கிறார். ஆனால் பக்கவாதத்துக்கு இரத்தக்கட்டைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பார்கள். அதற்குள் அடையாளம் காணவேண்டும், வண்டி கிடைக்கவேண்டும், ஸ்கேன் எடுக்கவேண்டும். வயதானவர்களோடு குடிபோகிறவர்கள் முடிவெடுப்பதற்கு முன், ஒருமுறை இரவு இரண்டு மணிக்கு அந்தச் சாலையில் நீங்களே வண்டி ஓட்டிப் பாருங்கள். போய்ச் சேரும் இடத்தில் அந்த நேரத்தில் மருத்துவர் இருக்கிறாரா என்றும் கேளுங்கள்.

இணையம், மின்வெட்டு, பேருந்து இதெல்லாம் விசாரித்தாலே தெரிந்துவிடும். கூட்டம் இல்லாத மாதத்தில் எத்தனை கடை திறந்திருக்கிறது என்பது மட்டும் விசாரித்தால் தெரியாது, போய்த்தான் பார்க்க வேண்டும். சுற்றுலாவை மட்டும் நம்பிய ஊர் அந்த மாதங்களில் கதவடைத்துவிடும். பள்ளிக்கூடம், சந்தை, மீன்பிடித் தொழில் என்று தனக்கென்று ஒரு வாழ்க்கை இருக்கும் ஊர் வருடம் முழுக்க இயங்கும். நாங்கள் இருப்பது இரண்டாவது வகை. இது எங்களுக்குத் தானாக அமைந்தது.

இவ்வளவும் எழுதிவிட்டு, வந்தது தவறா என்றால், இல்லவே இல்லை. முற்பகலில் கடற்காற்று திரும்பியதும் வெயிலின் கடுமை தணிவதை வாசலில் உட்கார்ந்தே உணரலாம். இரவில் காற்று திசை மாறி நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். ஓதம் ஒவ்வொரு நாளும் ஐம்பது நிமிடம் தள்ளிப்போவதை வைத்து, காலை நடைக்கு எப்போது அகலமான மணல் கிடைக்கும் என்று அம்மா மனக்கணக்காகவே சொல்லிவிடுவார். நகரத்தில் மாத்திரை போட்டுத் தூங்கியவர் இங்கே வந்த முதல் வருடமே மருத்துவரைக் கேட்டு அதை நிறுத்திவிட்டார். வலை பின்னும் அண்ணன் வீட்டில் நல்லது கெட்டது எதுவானாலும் எங்களுக்கும் சொல்லி அனுப்புகிறார்கள். அதற்கு மூன்று வருடம் ஆயிற்று.

குடிவந்ததும் சொந்தமாக வாங்காமல் வாடகைக்கு இருந்தோமே, அதுதான் நாங்கள் செய்த ஒரே சரியான காரியம். வாங்கியிருந்தால் அந்த உத்தரமும் மெலிந்துகொண்டே வரும் அந்த மணலும் எங்கள் தலையில்தான். குறைந்தது ஒரு வருடம், எல்லாப் பருவமும் ஒரு சுற்று வரும் வரை, வாடகைக்கே இருங்கள்.

இப்போது இதே மேட்டுத் தெருவில் ஒரு மனை வருகிறது. கணவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, உடனே முன்பணம் கொடுத்துவிடலாம் என்கிறார். போன வாரம் பக்கத்துக் கிணற்றில் அளந்தேன், 480 காட்டியது. ஆனால் கோடை இன்னும் முடியவில்லை. முடிந்ததும் இன்னொரு முறை அளக்க வேண்டும். அப்புறம் முதல் பெருமழைக்கு மறுநாள் அந்த மனையில் தண்ணீர் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று போய்ப் பார்க்க வேண்டும். விற்பவரிடம் அதுவரை பொறுக்கச் சொல்லியிருக்கிறோம்.