மூக்கில் இரண்டாவது ஆபரேஷன்: சென்னையில் ஆறு வாரம்

இரண்டு வருடத்துக்கு முன்னால் டொராண்டோவிலிருந்து மூன்று வார லீவில் வந்து, கல்யாணம், கோயில் எல்லாவற்றுக்கும் நடுவில் மூக்கு ஆபரேஷனையும் செய்துகொண்டு போனேன். எலும்பு மேட்டை அளவுக்கு மீறிச் சீவிவிட்டார்கள். வீக்கம் வடிய வடிய நடுவில் பள்ளம் தெரிந்தது, இடது பக்கம் மூச்சு அடைத்தது, வாயைத் திறந்துகொண்டுதான் தூங்கினேன். போன் செய்தால் "வீக்கம் போகட்டும், பொறுங்க" என்பார்கள், அவ்வளவுதான்.

இந்தத் தடவை ஆறு வாரம். வேளச்சேரியில் பெரியம்மா வீடு. இரண்டு டாக்டர்கள் போட்டோவைப் பார்த்ததுமே தேதி கொடுத்தார்கள். மூன்றாமவர் என் கன்னத்தை விரலால் பக்கவாட்டில் மெல்ல இழுத்து, "இப்ப மூச்சு விடுங்க" என்றார். சட்டென்று காற்று போனது, எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. உள்ளே மூச்சு போகும் வழி குறுகியிருக்கிறது, குருத்தெலும்பு வைத்து விரிக்க வேண்டும் என்று படம் போட்டுக் காட்டினார். அப்புறம் அவர் கேட்டது பழைய ஆபரேஷன் குறிப்பை.

அதற்குத்தான் அலைந்தேன். பழைய இடத்தில் இன்று வா, நாளை வா. நம் ஆட்கள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்: 2002 மருத்துவக் கவுன்சில் விதிப்படி உள்நோயாளியின் பதிவேடுகளை டாக்டர் 3 வருடம் வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். இதை எழுதிக் கொடுத்த மறுநாளே தாள் கைக்கு வந்தது. மூக்கின் நடுச்சுவரில் இருந்த குருத்தெலும்பைப் பெரும்பாலும் எடுத்துவிட்டார்கள் என்பதே அதைப் படித்தபோதுதான் எனக்குத் தெரியும்.

அதனால் இந்தத் தடவை விலா எலும்புப் பக்கத்திலிருந்து எடுத்தார்கள். நாலு மணி நேரம். மூக்கைவிட நெஞ்சுதான் வலித்தது, இருமினால் உயிர் போகும், முதல் வாரம் பெரியம்மா கைதாங்கலாகப் பிடித்துத்தான் எழுந்தேன். ஏழாம் நாள் கட்டுப் பிரித்தார்கள். மூக்கில் கண்ணாடி உட்காரவே கூடாது என்பதால் நெற்றியோடு டேப் போட்டு ஒட்டிக்கொண்டேன். செலவு முதல் தடவையைப் போல இரண்டு மடங்குக்கு மேல், இன்சூரன்ஸ் ஒன்றும் தரவில்லை.

நுனி இன்னும் வீங்கித்தான் இருக்கிறது, முழு வடிவம் தெரிய ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாமாம். ஆனால் இரவில் வாயை மூடித் தூங்குகிறேன். டிஸ்சார்ஜ் அன்றே, எங்கிருந்து எடுத்து எங்கே வைத்தார்கள் என்று முழுக் குறிப்பையும் கேட்டு வாங்கி, பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொண்டுதான் விமானம் ஏறினேன்.