குரோமின் கடவுச்சொல் சோதனை: ஒரு பெட்டி, இரண்டு பூட்டுகள்

கசிந்துபோன கடவுச்சொற்களைக் கண்டறிந்து சொல்லும் வசதி குரோம் உலாவியில் 2019 டிசம்பர் முதல் இருக்கிறது. என் கடவுச்சொல் திருடு போயிற்றா என்று அறிவதற்கு அதைக் கூகுளிடமே ஒப்படைக்க வேண்டுமா என்ற தயக்கத்தில், நெடுநாள் நான் அதைத் தொடவே இல்லை. அது இயங்கும் முறையைப் படித்த பிறகுதான் தயக்கம் நீங்கியது.

பள்ளிக் கணக்கில் வரும், வரிசை மாறினாலும் விடை மாறாத பரிமாற்றுப் பண்புதான் இதன் அடிப்படை. ஒரே பெட்டிக்கு இருவர் தனித்தனியே பூட்டுப் போட்டால், எந்தப் பூட்டை முதலில் கழற்றினாலும் மற்றது அப்படியே இருக்கும். குரோம் பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் சேர்த்து ஹாஷ் (அசலைத் திரும்பப் பெற இயலாத குறியீடு) ஆக்கி, தன்னிடம் மட்டுமே உள்ள சாவியால் பூட்டி, அதாவது குறியாக்கம் செய்து, அனுப்புகிறது. கூகுள் அதன்மேல் தன் பூட்டையும் போட்டுத் திருப்பி அனுப்புவதோடு, தன் பூட்டு மட்டும் போட்ட கசிவுப் பட்டியலிலிருந்து ஒரு சிறு பகுதியையும் தருகிறது. குரோம் தன் பூட்டைக் கழற்றியபின் எஞ்சுவது அந்தப் பகுதியில் இருந்தால், கடவுச்சொல் கசிந்துவிட்டது என்று பொருள். ஒப்பீடு என் கணினியிலேயே நடப்பதால் விடை கூகுளுக்குத் தெரிவதில்லை. பட்டியலில் உள்ள பிறருடைய கடவுச்சொற்களும் எனக்குத் தெரிவதில்லை. (குறியாக்கவியல் அறிஞர்களான ஷமீர், ரிவெஸ்ட், ஏடில்மன் மூவரும் 1979-இல் இதே பண்பைக் கொண்டுதான், சீட்டுக்கட்டே இல்லாமல் தொலைவிலிருந்து போக்கர் ஆட வழி சொன்னார்கள்.)

குறைகளும் உண்டு. ஏறத்தாழ 400 கோடிப் பதிவுகளையும் ஒவ்வொரு முறையும் அனுப்ப இயலாது என்பதால், எந்தப் பகுதி வேண்டும் என்று சொல்வதற்குப் பயனர்பெயருடைய ஹாஷின் முதல் மூன்று பைட்டுகள் பூட்டின்றியே போகின்றன. அவற்றால் பிரியும் பகுதிகள் ஏறத்தாழ 1.68 கோடி என்பதால் ஒன்றில் சராசரியாக 240 பதிவுகளே இருக்கும். பெயரைப் பற்றிய இந்தச் சிறு துப்பு கூகுளுக்குக் கிடைப்பது எனக்கு ஏற்கத்தக்க விலையாகத் தோன்றினாலும், விலை விலைதான். இதைவிட என்னை உறுத்துவது வேறொன்று: பெயரும் கடவுச்சொல்லும் சேர்த்தே சோதிக்கப்படுவதால், வேறொருவர் பெயரில் கசிந்த அதே கடவுச்சொல்லை நான் வைத்திருந்தால் எச்சரிக்கை வராது. கடவுச்சொல்லை மட்டும் தனியே தேடவும் வழி தரும் கசிவுச் சோதனைத் தளமான 'ஹேவ் ஐ பீன் போன்ட்' அதையும் பிடித்துவிடும்.

இவ்வசதி முதலில் உலாவியோடு தனியே சேர்த்துக்கொள்ளும் நீட்சியாக வெளிவந்தபோது நடந்த ஆய்வில், எச்சரிக்கைகளில் 26 விழுக்காடு மட்டுமே கடவுச்சொல் மாற்றத்தில் முடிந்தது. எனக்கு மூன்று எச்சரிக்கைகள் வந்தன; இரண்டை அன்றே மாற்றினேன். மூன்றாவது தளம் இப்போது இயங்கவே இல்லை.