சவுக்கு, தைலமரம், மலைவேம்பு: ஏக்கர் நிலத்தில் எதை நடுவது?

டன் என்ன விலை என்று விசாரித்துவிட்டு நாற்று வாங்கப் போவது தலைகீழ் வேலை. காகித ஆலை எடை பார்க்கும். சாரம் கட்டுகிறவர் நீளமும் நேரும் பார்ப்பார். ப்ளைவுட் ஆலைக்குச் சுற்றளவு வேண்டும். யார் வாங்கப்போகிறார் என்பது தெரிந்தால்தான் இடைவெளியே முடிவாகும்.

கடலூர், விழுப்புரம் மணற்பாங்குக்குச் சவுக்கைத் தாண்டி யோசிக்க வேண்டியதில்லை. வேர் முடிச்சில் வாழும் ஃபிராங்கியா நுண்ணுயிர் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தருகிறது. சவுக்கே கண்டிராத நிலமானால், பழைய தோப்பு மண்ணை நாற்றங்கால் கலவையில் சேர்த்தால் போதும். 1.5 மீட்டர் சதுர இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 1,800 கன்று, 3 முதல் 5 ஆண்டில் வெட்டு. நேரான கழி சாரத்துக்கு, மற்றது காகிதக் கூழுக்கு, மிளாறும் வேர்க்கட்டையும் அடுப்புக்கு என்று எதுவும் வீணாகாது. பயமெல்லாம் காற்றுதான், 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் கடலூர்த் தோப்புகளைப் படுக்க வைத்தது. பட்டை கொப்புளித்து உள்ளே கரும்பொடி தெரிந்தால் அந்த மரம் தேறாது. வேரோடு எடுத்து எரித்துவிட வேண்டும்.

தைலமரத்தின் (புதுக்கோட்டைப் பக்கம் கேட்டால் ஆர்.எஸ்.பதி மரம்) பலம் மறுதாம்பு, அதாவது வெட்டிய கட்டை மறுபடி துளிர்ப்பது. 3க்கு 2 மீட்டரில் ஏக்கருக்கு 675 கன்று ஒருமுறை நட்டால் இரண்டு, மூன்று வெட்டு பார்க்கலாம். தரையிலிருந்து 10-15 செ.மீ. விட்டு, பட்டை கிழியாமல், தண்ணீர் வழிந்தோடும்படி சாய்வாக அறுக்க வேண்டும். கோடாலியால் சிதைத்த கட்டை சரியாகத் துளிர்க்காது. துளிர்களில் ஒன்றிரண்டை மட்டும் நிறுத்தி மற்றதைக் கழிக்க வேண்டும். பட்டையை வெட்டிய கையோடு உரிக்க வேண்டும், காய்ந்தால் கட்டையோடு ஒட்டிக்கொள்ளும். இலை நடுநரம்பிலும் காம்பிலும் புடைப்பு தெரிகிற நாற்றை வாங்கவே கூடாது, அது முடிச்சுக் குளவி என்ற பூச்சி தாக்கிய அடையாளம். கண்மாய் வரத்துப் பகுதியில் இதை நடுவது எனக்குச் சரியாகப் படவில்லை: வரப்பு கட்டி மழைநீரைத் தோப்புக்குள் நிறுத்துவதால் கண்மாய் நிறைவதில்லை என்ற விவசாயிகளின் புகாரில் நியாயம் இருக்கிறது.

அதிகம் ஆசை காட்டுவதும் அதிகம் ஏமாற்றுவதும் மலைவேம்பு. ஏமாற்றம் பெரும்பாலும் நட்டவர் கையால் வருவது. ஏக்கருக்கு ஆயிரம் கன்று திணித்தால் வெளிச்சத்துக்குப் போட்டி போட்டு மரம் ஒல்லியாக வளரும், சுற்றளவு ஏறாது. ப்ளைவுட்டுக்கு வளர்த்த மரம் கடைசியில் கூழ் விலைக்குப் போகும். 3 மீட்டர் சதுரத்தில் 450 கன்றே போதும். முதல் இரண்டு ஆண்டுகள் பக்கத் துளிரைப் பிஞ்சிலேயே கிள்ள வேண்டும். கிளை தடித்த பிறகு வெட்டினால் கட்டைக்குள் கணு விழும், ப்ளைவுட்டுக்காக மெல்லிய தகடாக உரிக்கும்போது அங்கே ஓட்டை விழும். சொட்டுநீர் இருந்தால் 6, 7 ஆண்டில் அறுவடை. தண்ணீர் தேங்கும் களிமண்ணில் வேர் அழுகும், மானாவாரியில் நடுவது வீண். விதை முளைப்புத்திறன் குறைவு. சாணிக்கரைசலில் ஒரு வாரம் ஊறவைத்தாலும் கால்வாசி முளைப்பதே அரிது.

ஆலையில் தேதி உறுதியாகாமல் மலைவேம்பில் ரம்பம் வைக்க வேண்டாம். வெயிலில் கிடந்தால் கட்டையின் இரு முனையும் வெடிக்கும், வெடித்த அளவுக்கு நீளத்தைக் கழித்துத்தான் எடுப்பார்கள்.